திருச்செங்கோட்டில் என் மகன் கேட்ட கேள்வி

திருச்செங்கோட்டு மலைக்கோயில் வாசல் வரை வண்டி போகும். உடம்பில் தெம்பிருப்பவர்கள் படியேறியே போங்கள் என்பேன். 1,200-க்கும் மேற்பட்ட படிகள். வழியில் பாறையிலேயே செதுக்கிய 60 அடி நாகர், உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக இருக்கிறார். என் மகன் அந்தக் குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வட்டப் பொட்டாக வைத்துக்கொண்டான். எட்டு வயது. பொட்டு, பூ, வளையல் என்றால் அவனுக்கு உயிர். வெளியே கிளம்பினால் வளையலைக் கழற்றச் சொல்வது எங்கள் வழக்கம். அன்று என் அம்மா, "கெடக்கட்டும் உடு, இந்தச் சாமிகிட்டத்தானே போறோம்" என்று சொல்லிவிட்டார்.

வரிசையில் ஒரு பெண்மணி, "பையனுக்கு எதுக்குங்க வளையலு?" என்றார். "உள்ள நிக்கறவரைப் பார்த்துட்டு வந்து கேளுங்க அம்மிணி" என்றார் அம்மா, பொறுமையாகவே.

கருவறையில் அர்த்தநாரீசுவரர் நின்ற கோலம். குருக்கள் தீபத்தை மெல்ல வலமிருந்து இடமாக நகர்த்தினார். வலப்பக்கம் வேட்டி, கையில் தண்டம். சுடர் நகர நகர வேட்டி முடிந்து சேலை தொடங்குகிறது. இடக்கை இடுப்பில். இரண்டும் ஒரே திருமேனி. எந்த இடத்தில் அப்பன் முடிந்து அம்மை தொடங்குகிறாள் என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாமியின் காலடியில் ஊறும் தேவதீர்த்தத்தைக் கையில் வாங்கிக் குடித்தோம்.

வெளிமண்டபத்தில் உட்கார்ந்ததும் அவன் என் அம்மாவிடம் கேட்டான்: "அமுச்சி, சாமி சேலை கட்டுனதுக்கு யாரும் திட்டலையா?"

"ஒருத்தர் ஒத்துக்கலை கண்ணு" என்று பிருங்கி முனிவர் கதையை ஆரம்பித்தார் அம்மா. சிவனை மட்டுமே சுற்றுவேன், அம்மனைச் சுற்றமாட்டேன் என்றவர் பிருங்கி. அம்மை கேதார கௌரி விரதமிருந்து இடப்பாகம் பெற்ற பிறகும், வண்டாகி நடுவே துளைத்து அப்பனை மட்டும் சுற்றப் பார்த்தார். அம்மை தன் பங்கான சதையையும் ரத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ள, எலும்புக்கூடாகத் தள்ளாடினார். இறைவன் இரங்கி மூன்றாவது காலைக் கொடுத்தார். அவனுக்கு அந்தக் கால்தான் பெரிய விஷயம். "அப்புறம் நல்லா நடந்தாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

வண்டு என்றதும் அம்மாவுக்குத் திருக்கோத்தும்பி வந்துவிட்டது. மாணிக்கவாசகர் அரச வண்டைக் கூப்பிட்டுச் சொல்லும் பதிகம். "தோலும் துகிலும் குழையும் சுருள்தோடும்" என்று பாட ஆரம்பித்தார். ஒரு பக்கம் புலித்தோல், மறுபக்கம் பட்டு. ஒரு காதில் குழை, மறுகாதில் தோடு. ஒரு கையில் சூலம், மறுகையில் வளை. அதைத்தான் மணிவாசகர் "தொன்மைக் கோலம்" என்கிறார். நேற்று வந்த பழக்கமில்லை, ஆதியிலிருந்தே ஈசன் கோலம் அது. வளை என்ற சொல் வந்ததும் மகன் தன் கையை உயர்த்திக் காட்டினான்.

நாளைக்கு அவன் எப்படி வளர்வான் என்று எனக்குத் தெரியாது. அதற்கு இப்போதே பெயர் வைக்கும் அவசரமும் எனக்கில்லை. அவன் கேட்பதற்கெல்லாம் பதில் இந்த மலையிலேயே நிற்கிறது என்ற தைரியம் எனக்குப் போதும்.

இறங்கும்போது அடுத்த கேள்வி: "பெருமாளும் சேலை கட்டுவாரா?" கட்டுவார். ஸ்ரீரங்கத்தில் பகல் பத்தின் பத்தாம் நாள், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள், அங்கே உற்சவரான நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில், பெண் அலங்காரத்தில் வருவார் என்றேன். மார்கழியில் அங்கே போவதென்று படிக்கட்டிலேயே முடிவாகிவிட்டது. கூட்டம் நெரியும், கண்ணாடி வளையல் உடையும், அதனால் உலோக வளையல் வாங்கித் தரவேண்டும் என்பது அவன் வைத்த ஒரே நிபந்தனை.