நாளைக்கு எது நிறுத்தும்?

காலை 8.20. ஒன்பது பேர் ஒரு சாரத்துக்குக் கீழே காலி பெயின்ட் டின்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்கு முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்துவிட்டது. விழாமல் பிடிக்கும் ஹார்னஸ் வாரையும் மாட்டியாகிவிட்டது. வேலைக்கான அனுமதிச் சீட்டு, பெர்மிட்டும் கையில் இருந்தது. சாரத்தின் ஏணியருகே தொங்கிய பச்சை அட்டையில்தான் சிக்கல். சிங்கப்பூரில் சாரத்தை 7 நாளுக்கு ஒருமுறையாவது அதற்கென்று உள்ள சூப்பர்வைசர் ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அட்டையில் இருந்த கடைசிக் கையெழுத்துக்கு அன்று எட்டாவது நாள். போடவேண்டியவர் ஜூரோங் தீவில் வேறு வேலையில் இருந்தார். அவர் எங்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது மணி 11.10.

ஒன்பது பேருக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல். கூட்டினால் 25 மணி நேரத்தைத் தாண்டும். அன்று இந்தக் கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருவர் ஊருக்குப் போன் போட்டு மகளிடம் பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலைகளைத் திட்டமிடுவது என் பொறுப்பு. பதவியின் பெயரே பிளானர். அந்த வேலை என் பட்டியலில் இல்லாமல் இல்லை. "பம்ப் ஹவுஸ் மேல்குழாய், இன்சுலேஷன் மாற்றுதல்" என்று எழுதி, சிவப்பில் நட்சத்திரமும் போட்டு வைத்திருந்தேன். நான் பட்டியல் பிரியன். கைப்பேசியில் ஒன்று, கணினியில் ஒன்று, மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒன்று. அத்தனையிலும் என்ன செய்யவேண்டும் என்றுதான் இருந்ததே தவிர, அது எதனால் நின்றுபோகும் என்று ஒன்றிலும் இல்லை.

அதைச் சுட்டிக்காட்டியவர் எங்கள் வெல்டிங் சூப்பர்வைசர். புதுக்கோட்டைப் பக்கம். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அன்று மதியம் தே தாரிக் தேநீர்ப் பொட்டலத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, நாளைக்கு என்ன வேலைன்னு எல்லாரும் கேக்குறீங்க. நாளைக்கு எது நம்மள நிறுத்தும்னு யாரும் கேக்குறதில்லையே."

"நீங்க கேப்பீங்களாண்ணே?"

சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் போட்டார். வெல்டிங் ராடு வரும் பெட்டியிலிருந்து உள்ளங்கை அளவுக்குக் கிழித்தது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வேலை, வலப்பக்கம் அது இப்போது யார் கையில் இருக்கிறது என்பது. "வால்வு 3" என்பதற்கு எதிரே "கேஸ்கெட் – ஸ்டோர்", அதாவது கசிவைத் தடுக்கும் வளையம் ஸ்டோரிலிருந்து வரவேண்டும். "டேங்க்" என்பதற்கு எதிரே "கேஸ் செக், 8 மணி", உள்ளே இருக்கும் வாயுவைச் சோதிப்பது. அடியில் தனியாக ஒரு வரி: "மழை வந்தா – ஷாப்புல பிராக்கெட்". மழையென்றால் கூரைக்குள் செய்ய ஒரு வேலை. மொத்தம் நான்கே வரி. வலப்பக்கத்தில் பேர் இல்லாத வேலை மட்டும்தான் நாளைக்கு நிச்சயம் நடக்கும் என்றார். மற்றதெல்லாம் வேலை இல்லையாம், காத்திருப்பாம்.

மறுநாளே நானும் ஒரு அட்டையைக் கிழித்தேன். ஒன்றும் பெரிதாக மாறவில்லை. காரணம் புரிய இரண்டு வாரம் பிடித்தது. நான் திட்டம் போட்ட நேரமே தப்பு. எத்தனையோ வருடமாகக் காலை 7 மணிக்கு, பாலில்லாத கோப்பி ஓ குடித்துக்கொண்டே அன்றைய நாளை எழுதுவது என் வழக்கம். மனத்துக்கு இதமான நேரம்தான். ஆனால் ஏழு மணிக்கு ஸ்டோர் பூட்டியிருக்கும், கிரேன் கம்பெனியில் போனை எடுக்க ஆள் இருக்காது. வலப்பக்கத்தில் பேரை எழுதி வைத்துக்கொண்டு அவர்களுக்காக உட்கார்ந்திருக்கத்தான் முடியும். அண்ணன் தன் அட்டையை எழுதுவது மாலை மூன்றரைக்கு. எங்கள் ஸ்டோர் ஐந்துக்கு மூடும். மறுநாள் கிரேனுக்கு நான்கு மணிக்குள் சொல்லியாகவேண்டும். பாதுகாப்பு அதிகாரியும் கிளம்பியிருக்கமாட்டார். வலப்பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பேரும் ஒரு போன் தூரத்தில் இருக்கும் கடைசி நேரம் அது. பத்து நிமிடம், மூன்று நான்கு அழைப்பு. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

மழை வரியையும் சும்மா விடக்கூடாது. இந்த ஊரில் மதியம் கறுத்துக்கொண்டு வருவது புதிதா என்ன? மின்னல் எச்சரிக்கை வந்துவிட்டால் சாரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் இறங்கவேண்டியதுதான். எப்போது அடங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வெளிவேலையை முடிந்தவரை காலையிலேயே வைத்துக்கொள்கிறேன். ஆனால் சுமத்ரா பக்கத்திலிருந்து கிளம்பும் புயல்காற்று விடியற்காலையிலேயே வந்து அந்தக் கணக்கையும் சில நாள் கெடுத்துவிடும். அப்போது கைகொடுப்பது அடிவரி. என் மேசை வேலைக்கும் ஒரு மழை வரி வைத்திருக்கிறேன். கணினி தொங்கிப்போனால், கூட்டம் தள்ளிப்போனால் எடுத்துச் செய்ய ஒரு சின்ன வேலை.

நேரத்தைச் சேமிக்க ஊரில் பேசப்படும் உத்திகளை முயன்று பார்க்காமல் இல்லை. பொமொடோரோ என்று ஒன்று. 1980களின் பிற்பகுதியில் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர், தக்காளி வடிவ சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்து ஆரம்பித்தது. பொமொடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. 25 நிமிடம் ஒரே வேலை, அப்புறம் 5 நிமிடம் ஓய்வு. என் மேசையில் ஆறாவது நிமிடம் யாராவது பெர்மிட்டோடு வந்து நிற்பார். இருபத்தைந்து நிமிடம் கழித்து வாருங்கள் என்று சொன்னால் மீண்டும் ஒன்பது பேர் பெயின்ட் டின்னில் உட்காரவேண்டியதுதான். ஆனால் ரயிலில் அது அருமையாக வேலை செய்கிறது. ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து துவாஸ் லிங்க் வரை ஒன்பது நிறுத்தம், ஏறக்குறைய ஒரு தக்காளி. படிக்காமல் தேங்கிக் கிடக்கும் நீளமான மின்னஞ்சல்களை அங்கேதான் முடிக்கிறேன். வழியில் பூன் லே நிலையம் தாண்டினால் பெரும்பாலும் உட்கார இடமும் கிடைத்துவிடும்.

இன்னொன்று, கிடைக்கும் நேரம் முழுவதையும் வேலை நிரப்பிக்கொள்ளும் என்ற பார்க்கின்சன் விதி. 1955இல் 'தி எக்கானமிஸ்ட்' இதழில் அதை எழுதியபோது நார்த்கோட் பார்க்கின்சன் இங்கே சிங்கப்பூரில்தான் இருந்தார், அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக. இது தெரிந்ததிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு பக்கத்து வீட்டுப் பாசம். வெள்ளிக்கிழமை அறிக்கைக்கு முன்பெல்லாம் மதியம் முழுவதும் போகும். இப்போது இரண்டு மணிக்குக் கூட்ட அறையில் போய் உட்காருகிறேன். இரண்டே முக்காலுக்கு அந்த அறையை வேறு பிரிவு எடுத்திருக்கிறது. கதவைத் தட்டுவதற்குள் அறிக்கை போய்விடும். முன்னைவிட மோசம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. முன்பு மட்டும் யார் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது சிங்கப்பூரின் உற்பத்தித்திறன் இயக்கத்துக்கு டீமி என்ற தேனீயைச் சின்னமாக வைத்திருந்தார்கள். 1982இல் வந்தது. தேனீ என்றால் ஓயாமல் பறக்கவேண்டும் என்றுதான் அன்று புரிந்துகொண்டேன். வேலைக்கு வந்த பிறகும் வெகுகாலம் அப்படியே பறந்தேன். வாட்ஸ்அப்பில் 14 குழு, எல்லாவற்றுக்கும் உடனே பதில். இப்போது பத்து மணி, ஒரு மணி, மூன்றரை என்று மூன்று முறைதான் பார்க்கிறேன். அவசரம் என்றால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். முதல் வாரம் சிலருக்கு வருத்தம். அப்புறம் பழகிவிட்டது. அவசரங்களும் எப்படியோ குறைந்துவிட்டன.

எழுதிய அட்டைகளை நான் எறிவதில்லை. வெள்ளி மாலை ஐந்தையும் மேசையில் பரப்பி வலப்பக்கத்தை மட்டும் படிப்பேன். முதல் சில மாதம் சார அட்டைதான் திரும்பத் திரும்ப வந்தது. எல்லாச் சாரத்தின் கையெழுத்தையும் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம், அந்த வரி காணாமல் போனது. பிறகு கேஸ்கெட். அதற்கும் ஸ்டோரில் ஒரு வழி செய்தோம்.

போன வெள்ளியன்று என் அட்டைகளோடு அண்ணனுடையதையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடைய வலப்பக்கத்தில், மூன்று நாள், "பிளானர் தம்பி" என்று எழுதியிருந்தது.