ஈம்: வாசலில் பெயர் எழுதிய மலைக்கிராமம்

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைச்சரிவில், ஏறத்தாழ ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் ஈம் என்ற சிற்றூரைப் பற்றி முள்ளியவளையில் என் வீட்டு விறாந்தையில் பல தடவை பேசியாகிவிட்டது. "உவ்வளவு தூரம் போய்க் கடைசியில ஒரு செத்தவீட்டையோ பாத்திட்டு வந்தனீங்கள், ரீச்சர்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். பகிடியாகக் கேட்டதுதான், ஆனாலும் அதில் பிழையில்லை. லண்டன் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் தேம்ஸ் ஆற்றையும் பார்த்துவிட்டு வந்து எழுதியவர்கள் நம்மவரில் ஏராளம் என்பதால், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் பெயர்களை வீட்டு வாசல்களில் எழுதி வைத்திருக்கும் இந்த ஊரைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என் தங்கையின் மகன் ஷெஃபீல்ட் நகரில் இருக்கிறான். "பெரியம்மா, அங்கை ஏத்தம் இறக்கம் கனக்க, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாங்கோ" என்று முதல் நாளே சொல்லி வைத்தான். நகரம் முடிந்த கையோடு பேருந்து மேட்டில் ஏறத் தொடங்கியது. மரம் குறைந்த அந்தப் பரந்த வெளி முழுவதும் ஹெதர் என்ற குறுஞ்செடி, ஓகஸ்ட் மாதம் ஆகையால், ஊதா நிறத்தில் பூத்திருந்தது. குளக்கட்டைத் தவிர வேறெதிலும் ஏறிப் பழகாத வன்னியாளுக்கு அந்த வளைவுகள் வயிற்றைக் கொஞ்சம் பிரட்டத்தான் செய்தன. 1951இல் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டுக்குள் இந்த ஊர் அடங்குகிறது. தேசியப் பூங்கா என்றதும் நமக்கு வில்பத்து போன்று குடியிருக்க முடியாத காடுதான் நினைவுக்கு வரும். அங்கோ ஊர்களும் செம்மறிப் பட்டிகளும் கல்லுடைக்கும் இடங்களும்கூடப் பூங்காவுக்குள்ளேயே இருக்கின்றன, ஆட்களை எழுப்பாமலே காடும் வெளியும் காக்கப்படுகின்றன.

ஊருக்கு வடக்கே மணற்பாறை விளிம்பொன்று செங்குத்தாக எழுகிறது. தெற்கே நிலம் சுண்ணாம்புக் கல்லாக மாறிவிடுகிறது. வயல்களைப் பிரிக்கும் வேலிகளெல்லாம் சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிய மதில்கள். அலம்பலைக் கட்டி ஆண்டுதோறும் அடைத்துப் பழகிய எனக்கு, நூற்றாண்டுக் கணக்காக அப்படியே நிற்கும் வேலியைக் கண்டதில் பொறாமை வந்தது என்பதை மறைப்பானேன். மலையிலிருந்து வரும் ஊற்றுநீரைக் கொண்டு வந்து, 1588இல் தெருவோரக் கற்றொட்டிகளில் ஊருக்குப் பொதுவாக விட்டிருக்கிறார்கள். அந்தத் தொட்டிகள் இன்னும் இருக்கின்றன. தண்ணீரூற்று என்ற ஊரில் படிப்பித்தவள் என்பதால் இதில் எனக்குத் தனிக் கரிசனை.

இனி ஊரின் கதைக்கு வருகிறேன். 1665இல் லண்டனில் பிளேக் நோய் பரவியிருந்த வேளை, ஈம் ஊரிலிருந்த அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்ட் என்ற தையற்காரரின் வீட்டுக்கு அங்கிருந்து துணிக்கட்டு ஒன்று வந்தது. ஈரமாயிருந்த துணியை அடுப்பருகே விரித்து உலர்த்தினார் ஜோர்ஜ் விக்கர்ஸ் என்ற வேலையாள். துணியிலிருந்த தெள்ளுகள் கடித்தன என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். செப்டம்பர் 7ஆம் திகதி அவர் இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பர் தொடக்கம் வரை நோய் அவ்வூரை விடவில்லை. அந்தப் பதினான்கு மாதங்களில் 260 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். ஊரின் மொத்தச் சனம் 350தான் என்று பழைய நூல்கள் சொல்லும்; பிற்கால ஆய்வுகள் அதை ஏறத்தாழ இருமடங்காகக் கணக்கிடுகின்றன.

அந்தத் தையற்காரரின் வீடு தேவாலயத்துக்கு அருகே இன்றும் இருக்கிறது. முன்புறத் தோட்டத்தில் பச்சை நிறப் பலகையில் பொன்னெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். விக்கர்ஸ் இறந்த நாள் அதில் முதலாவதாக இருக்கிறது. பதினைந்து நாள் கழித்து எட்வர்ட் என்ற சின்னவன், ஒக்டோபர் 2இல் அவனுடைய தமையன் ஜொனதன், மறு ஆண்டு ஓகஸ்ட் 3இல் ஹாட்ஃபீல்ட். தாய் மேரி மட்டும் தப்பினாள், ஆனால் பதின்மூன்று உறவினரை இழந்தாள் என்று கடைசி வரி சொல்கிறது. அடுத்த வாசற் பலகை இன்னும் சுருக்கமானது: தோர்ப் குடும்பத்தினர் ஒன்பது பேர் இங்கே வாழ்ந்தார்கள், ஒன்பது பேரும் இறந்தார்கள். அதற்கு மேல் அனுதாப வார்த்தை ஒன்றும் இல்லை. இவை காட்சிக்கு வைத்த வெற்று வீடுகள் அல்ல. ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் பூச்சாடி இருக்கிறது, வெளியே கார் நிற்கிறது. பலகையை வாசித்துக்கொண்டு நின்ற எங்களைத் தாண்டிக்கொண்டு ஒரு பெண் சாமான் பைகளோடு உள்ளே போனார். எங்களுக்குத்தான் கூச்சமாக இருந்தது.

நோய் முற்றியபோது ஊரை வழிநடத்தியவர்கள் இரண்டு போதகர்கள். வில்லியம் மொம்பெசன் இளைஞர், ஊருக்குப் புதியவர். தோமஸ் ஸ்டான்லி அவருக்கு முன்னிருந்தவர்; முடியாட்சி மீண்ட பின் அரசின் வழிபாட்டுச் சட்டத்தை ஏற்க மறுத்துப் பதவி இழந்தவர். சாதாரண நாளில் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க மாட்டார்கள். இருவரும் சேர்ந்துதான் 1666 யூன் மாதத்தில் மூன்று முடிவுகளைச் சனத்தின் முன் வைத்தார்கள்: இறந்தவர்களை அவரவர் குடும்பமே அவரவர் வளவில் புதைப்பது, தேவாலயத்தைப் பூட்டிவிட்டு வெளியே பள்ளத்தாக்கில் இடைவெளி விட்டு நின்று வழிபடுவது, ஊரின் எல்லையை யாரும் தாண்டாதிருப்பது. சட்ஸ்வேர்த் மாளிகையிலிருந்த டெவன்ஷயர் பிரபு உணவு அனுப்பினார். அயலூரார் எல்லைக்கல்லில் சாமானை வைத்துவிட்டுப் போவார்கள். ஈம் மக்கள் அதற்குரிய காசை அங்கே விட்டுவிடுவார்கள்.

ஸ்டோனி மிடில்டன் என்ற அயலூருக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அந்தக் கல் கிடக்கிறது. இடுப்பளவும் உயரமில்லாத கருங்கூழாங்கல் நிறப் பாறை. மேற்பரப்பில் ஆறு குழிகள். அவற்றில் வினாகிரியை ஊற்றி அதற்குள் காசைப் போட்டிருக்கிறார்கள், நோய் கடவாது என்ற நம்பிக்கையில். விரலை விட்டுப் பார்த்தேன். விளிம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது, உள்ளே யாரோ போட்ட சில பென்ஸ் காசுகள் கறுத்துக் கிடந்தன. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் அயலார் படலையடியில் சாமானை வைத்துவிட்டுப் போகும் வழக்கத்தை நாம் அறிவோம். ஒரு வீடு செய்ததை அங்கே ஊர் முழுவதும் செய்தது.

அந்தத் தியாகத்தைத்தான் எல்லாரும் மெச்சுகிறார்கள். ஊரடைப்பின் கதை பிற்காலத்தில் கவிஞர்களாலும் எழுத்தாளர்களாலும் மெருகேற்றப்பட்டது என்று ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். வசதியுள்ள சிலர் முன்பே வெளியேறிவிட்டார்கள், மொம்பெசனே தம் பிள்ளைகளை வெளியே அனுப்பியிருந்தார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, சாவு மலிந்த அந்த மாதங்களிலும் புதைத்தவர்களின் பெயரும் திகதியும் தேவாலயத்து இடாப்பில் ஏறிக்கொண்டே இருந்ததுதான். ஓகஸ்ட் 25ஆம் திகதி மொம்பெசனின் மனைவி கத்தரின் இறந்தாள். அவளுடைய பெயரும் மற்றவர்களின் பெயர்களோடு வரிசையில் நிற்கிறது. அந்த இடாப்பு இல்லாவிட்டால் வாசற் பலகையும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. அருங்காட்சியகக் கூரையில் காற்றுத்திசை காட்டியாக உலோக எலி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். இதில் என்ன விளையாட்டு என்று முதலில் முகம் சுளித்தேன், பள்ளிப் பிள்ளைகள் அதைக் காட்டிச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பெயர்களை வாசிப்பதைக் கண்டபின் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

பள்ளிக்கூட வரவு இடாப்போடு வாழ்நாளைக் கழித்தவள் நான். 2009இல் போரின் இறுதியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கியபோது இடாப்புகள் எந்தப் பதுங்குகுழியில் போயின என்று யாருக்கும் தெரியாது. மீளக்குடியமர்ந்து பாடசாலை தொடங்கிய பிறகு, வராத பிள்ளைகளின் பெயர்களை நாங்கள் ஆசிரியர்கள் சிலர் நினைவிலிருந்து ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம். பாதி வழியில் நின்றுவிட்டது, எழுதும் பெயரெல்லாம் உறுதியானதா என்ற தயக்கத்தால். அந்த மாதங்களில் இறந்தவர்களின் தொகை குறித்தே இன்றுவரை உடன்பாடு இல்லை, பெயர்ப்பட்டியலுக்கு எங்கே போவது? ஈம் ஊரின் 260 பெயர்களை ஒரே சுவரில் வரிசையாகக் கண்டபோது, கிராமத்துக்கொரு பட்டியலாகவேனும் நாங்கள் அதைச் செய்து முடித்திருக்கலாம் என்றுதான் எனக்குப் பட்டது. கிராம அலுவலர் பிரிவு வாரியாகத் தொடங்கினால் இப்போதும் முடியும். சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்வரைதான் அது முடியும்.

ஊருக்கு வெளியே சரிவில் ரைலி கல்லறைகள் இருக்கின்றன. சுற்றிவரக் கல்மதில், உள்ளே சில நடுகற்கள், அதைச் சுற்றிப் புல் மேயும் ஆடுகள். எலிசபெத் ஹன்கொக் என்ற தாய் 1666 ஓகஸ்டில், எட்டு நாட்களுக்குள், கணவனையும் ஆறு பிள்ளைகளையும் அங்கே தன் கையாலேயே புதைத்தாள். உதவிக்கு வர ஆளில்லை. ஊரில் மார்ஷல் ஹவ் என்றொருவன் நோயிலிருந்து எழும்பியவன், பிரேதங்களைப் புதைத்துக் கொடுத்துவிட்டு இறந்தவர்களின் உடைமைகளைக் கூலியாக எடுத்துக்கொள்வானாம். கடைசியில் அவனுடைய மனைவியும் மகனும் செத்துப்போனார்கள். இதை நான் சொன்னபோது விறாந்தையிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அப்படியொருவன் எங்கள் ஊரிலும் இருந்தான், பெயர் வேண்டாம்.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு அங்கே பிளேக் ஞாயிறு; கத்தரினின் கல்லறையில் மலர்வளையம் வைத்து, முன்னோர் நின்று வழிபட்ட அதே பள்ளத்தாக்கில் வழிபடுவது வழக்கம். அதையொட்டிக் கிணற்றலங்காரமும் நடக்கிறது: மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திப் படமாக்கி, நீர்நிலைகளின் அருகே நிறுத்துகிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வோர் இதழும் அடுத்ததன் மேல் ஓட்டுக்கூரை போலப் படிந்திருக்கிறது, மழைநீர் வழிந்தோட.

விறாந்தையில் எல்லாரும் கேட்ட கேள்வி வேறு. "அந்தத் தாய் பிறகு என்ன செய்தவ?" ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த மகன் ஒருவன் தப்பியிருந்தான், அவனிடம் போய்விட்டாள் என்றேன். மொம்பெசனும் 1669இல் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். நோய் வந்த ஊரவர் என்று அங்குள்ளவர்கள் அவரை உள்ளே எடுக்கத் தயங்கியதாகச் சொல்வார்கள். அதைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரி, போர் முடிந்தபின் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்து வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன கதையைத் தொடங்கினாள். முகாமில் அம்மை பரவியிருந்ததால் படலையிலேயே மறித்து, கிணற்றடியில் குளித்து உடுப்பு மாற்றிய பிறகுதான் உள்ளே விட்டார்களாம். "அதுக்குப் பிறகு ஆறு மாதம் அவையின்ர வீட்டிலதான் கிடந்தனாங்கள்" என்றாள், "ஒரு நாளும் முகம் கோணேல்லை, ஆனா அந்தக் குளிப்பை மட்டும் மறக்கேலாது."