மங்கில் வடிந்தது: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு. செந்தூல், கோலாலம்பூர்

பள்ளி விடுமுறைக்கு அக்கா மகள் வந்திருக்கிறாள். படிவம் நான்கு. பையில் துணியைவிடப் புத்தகம்தான் அதிகம். பள்ளி திறந்ததும் உயிரியலில் இரண்டாம் அத்தியாயத்துக்குத் தேர்வாம், மாமாதான் சொல்லித் தர வேண்டுமாம். நான் வாத்தியார் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன். ஆனால் செல் என்றால் எனக்கும் கொஞ்சம் பேச இருக்கிறது.

புத்தகத்தில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு வட்டம், நடுவில் உட்கரு, ஓரத்தில் இரண்டு அவரைக்கொட்டை வடிவ மைட்டோகாண்ட்ரியா, மடிப்பு மடிப்பாகக் கோல்கை என்ற பை அடுக்கு, மீதி இடமெல்லாம் வெளிர்நீலத்தில் காலி. உள்ளபடி செல்லுக்குள் காலி இடம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. புரதங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. மைட்டோகாண்ட்ரியா பல செல்களில் கொட்டையாகவே இருப்பதில்லை. நீண்டு, கிளைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, மறுபடி பிரிந்துகொண்டே இருக்கும்.

அவள் ஒப்பித்தாள்: மைட்டோகாண்ட்ரியா ஆற்றல், ரைபோசோம் புரதம், லைசோசோம் செரிமானம். சரி, எந்த செல்லில் என்று கேட்டேன். முழித்தாள். அதுதான் என் கேள்வியே. செரிமான நொதிகளை உண்டாக்கும் கணையச் செல்லைத் திறந்தால், புரதம் தயாராகும் எண்டோபிளாச வலை அடுக்கடுக்காக அடைத்துக்கொண்டிருக்கும். ஜார்ஜ் பலாடே அந்தச் செல்லை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் புரதம் எந்த வழியாக வெளியே போகிறது என்று கண்டுபிடித்தார். 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவர் ஒருவர். விந்துச் செல்லில் வாலின் அடியில் மைட்டோகாண்ட்ரியா சுற்றிக் கிடக்கும். கிருமியை விழுங்கும் வெள்ளணுவில் லைசோசோம் நிறைய. எல்லாவற்றையும் ஒரே அளவில் போட்டு வைத்திருக்கும் அந்தப் படத்து செல்லை நான் இதுவரை எங்கேயும் பார்த்ததில்லை.

ஜூன் 2, திங்கள்

மாமன்னர் பிறந்தநாள் விடுமுறை. பழைய நுண்ணோக்கியை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தேன். நானூறு மடங்கு வரை காட்டும், பிள்ளைகளுக்கு அது போதும்.

எங்கள் மாடி நடைபாதையில் ரோயோ செடி இருக்கிறது, இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் ஊதா. அந்த ஊதாத் தோலை உரித்துக் கண்ணாடி வில்லையில் வைத்தால் ஒவ்வொரு செல்லும் ஊதாவாகத் தெரியும். அந்த நிறம் முழுவதும் நுண்குமிழி என்ற நீர்ப்பைக்குள் இருக்கும் சாயம். வளர்ந்த தாவரச் செல்லில் பெரும்பகுதியை இந்த ஒரு குமிழிதான் பிடித்துக்கொள்கிறது. உட்கருவும் மற்றதும் சுவரோரமாக ஒண்டிக் குடித்தனம் நடத்துகின்றன. உப்புத் தண்ணீரை விட்டதும் ஊதா சுருங்கிச் சுவரைவிட்டு விலகியது. அவள் கத்தியே விட்டாள். புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம் இருக்கிறது, அதை அவள் மனப்பாடமும் செய்திருக்கிறாள்.

அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தண்ணி இறங்கினா இப்படித்தான் சுருங்குமா?"

"ஆமாம்மா."

"அதான் வெயில் ஏறினா பால் இறங்காது."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வெளிச்சம் வருவதற்குள் தன் பங்கு மரவரிசையில், அதாவது நிரையில், பாதியை வெட்டி முடித்துவிட வேண்டும், தாமதமானால் வாளி நிறையாது. காரணத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூன் 4, புதன்

வேலை முடிந்து வந்து இரவெல்லாம் ரப்பர் பாலைப் பற்றியே படித்தேன்.

பால் என்றால் மரத்தின் சாறு என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். சாறு இல்லை. அது செல்லின் உள்ளீடு, அதாவது சைட்டோபிளாசம். பட்டையில், உணவைக் கடத்தும் திசுவுக்குள், பால் செல்கள் வரிசையாக உருவாகின்றன. பிறகு அடுத்தடுத்த செல்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கரைந்துபோகிறது. லயத்து வீடுகளின் நடுச்சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. குடும்பம் ஒவ்வொன்றாகத்தான் இருந்தது, இப்போது கூடம் ஒன்று. உட்கரு பல, சைட்டோபிளாசம் ஒன்று. இந்தக் குழாய்கள் பக்கத்துக் குழாய்களோடும் வலையாகப் பின்னிக்கொண்டு, மரத்தைச் சுற்றி வளையம் வளையமாக நிற்கின்றன.

குழாய் நேராக ஏறுவதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகிறது. அதனால் இடது பக்கம் உயரமாகவும் வலது பக்கம் தாழ்வாகவும் சரித்து வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும். "அப்படித்தான் வெட்டுவோம், மாத்தி வெட்டினா தண்டல் திட்டுவான்" என்றார் அம்மா. தண்டல் என்றால் வேலையை மேற்பார்க்கிறவர். ரொம்ப ஆழமாகவும் போகக்கூடாது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் புதுச் செல்களைப் பிறப்பிக்கும் மெல்லிய அடுக்கு இருக்கிறது. கத்தி அதைத் தொட்டால் மறுபட்டை ஒழுங்காக வராது, முண்டு முண்டாக வீங்கும். அது நடந்தால் திட்டோடு நிற்காது, சம்பளத்திலும் கை வைப்பார்கள்.

இரவில் இலைகள் தண்ணீரை ஆவியாக விடுவது குறையும். வேர் உறிஞ்சியது மரத்தில் தங்கி, பால் குழாய்கள் புடைத்து நிற்கும். விடியுமுன் அந்த உள்ளழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 10 மடங்குக்குப் போகும் என்று அளந்திருக்கிறார்கள். வெட்டியதும் பால் பீறிட்டு வருவது இந்த அழுத்தத்தால்தான். வெயில் ஏறினால் இலை தண்ணீரை இழுக்க, குழாய் தளர்ந்துவிடுகிறது. நேற்றைக்கு முந்தின நாள் ரோயோவைப் பார்த்து அம்மா சொன்னதும் இதே தண்ணீர்க் கணக்குத்தான்.

அக்கா மகள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "மாமா, உள்ளே இருக்கறதெல்லாம் கொட்டிட்டா செல் செத்துடாதா?" சாகாது. உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் பெரும்பாலும் சுவரோரம் ஒட்டி உள்ளேயே தங்கிவிடுகின்றன. ரப்பர் துகள், ரைபோசோம் எல்லாம் ஓடிப்போகும். தங்கியவை இரண்டு மூன்று நாளில் போனதையெல்லாம் மறுபடி கட்டிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவதற்குக் கணக்கு இங்கேதான் இருக்கிறது.

ஜூன் 7, சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

சுங்கை பூலோவில் மாமா வீட்டுக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னால் வடிகாலோரமாக ஒரு கிழட்டுப் பால்மரம், யாரும் வெட்டாமல் நிற்கிறது. அம்மா சமையல் கத்தியாலேயே ஒரு சின்னக் கீறல் போட்டார். கீறலின் சாய்வு தானாக வந்தது. ஒரு குப்பியில் நாலு சொட்டுப் பிடித்தேன்.

நுண்ணோக்கியைக் காரில் எடுத்துப் போயிருந்தேன் (இதைச் சொன்னால் அக்கா இன்னும் சிரிக்கிறாள்). வெறும் தண்ணீரில் கலக்காமல் சீனித் தண்ணீரில் கலந்தேன், காரணம் நாளைக்கு எழுதுகிறேன். நானூறு மடங்கில் வைத்ததும் வில்லை முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளிகள், ஒன்றுகூட நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன. உயிர் இருக்கிறதா என்று மாமா கேட்டார். இல்லை, தண்ணீரின் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடிப்பதால் வரும் துடிப்பு. 1827இல் ராபர்ட் பிரவுன் மகரந்தத்தைப் பார்க்கும்போது இதைக் கவனித்தார். அதே பிரவுன்தான் சில ஆண்டுகள் கழித்து ஆர்க்கிட் செடியின் செல்களைப் பார்த்து உட்கருவுக்குப் பெயர் வைத்தவர்.

அந்தப் புள்ளிகள்தான் ரப்பர் துகள்கள். பெரியவை 3 மைக்ரோமீட்டர் வரை போகும். சிறியவை ஒளி நுண்ணோக்கியின் எல்லையான 0.2 மைக்ரோமீட்டருக்கும் கீழே, அவற்றைப் பார்க்க என் கருவியால் ஆகாது. ஒவ்வொரு துகளையும் ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. செல்லின் மற்ற உறுப்புகளுக்கு உள்ள இரட்டைக் கொழுப்பு அடுக்கு இல்லை, ஒற்றை அடுக்கு. உள்ளே ரப்பர், அதற்குத் தண்ணீர் ஆகாது, அதனால் ஒரு பக்கம் போர்த்தினால் போதும். ரப்பரை நீட்டி வளர்க்கும் நொதியும் அந்தப் போர்வையில்தான் உட்கார்ந்திருக்கிறது. போர்வைக்கு எதிர்மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. தோட்டத்து ஸ்டோரில் பாலில் ஆசிட் ஊற்றியதும் உறைவது, அந்த மின்னேற்றம் போய்விடுவதால்.

வில்லையைக் கழுவவே முடியவில்லை. காயவிட்டு உரித்து எடுத்தோம்.

ஜூன் 8, ஞாயிறு

ரத்தக்குழாயைச் சுழற்றி அடுக்கு பிரிப்பது என் அன்றாட வேலை. பாலையும் யாராவது அப்படிச் சுழற்றியிருப்பார்களா என்று தேடினால், இங்கேயே செய்திருக்கிறார்கள். 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் 1953இல் குக், சேகர் என்ற இருவர், புவியீர்ப்பைப்போல் 59,000 மடங்கு விசையில் பாலைச் சுழற்றி நான்கு அடுக்குகளாகப் பிரித்தார்கள். சேகர் என்றால் பி. சி. சேகர், சுங்கை பூலோ பக்கத்தில் ஊலு பூலோ தோட்டத்தில் 1929இல் பிறந்தவர், பின்னாளில் 1966இல் அந்தக் கழகத்தின் முதல் ஆசிய இயக்குநர் ஆனார். நேற்று நாங்கள் கீறிய மரத்துக்கு அவர் பிறந்த தோட்டம் ஒன்றும் தூரமில்லை. எங்கள் வீட்டில் அவர் பெயர் தெரிந்தவர் அம்மா ஒருத்திதான், அதுவும் வானொலிச் செய்தியில் கேட்டது.

மேலே வெள்ளையாக ரப்பர். அதன் கீழே மெல்லியதாக மஞ்சள் கோடு: இவை 1929இல் பிரே-விஸ்லிங் என்ற சுவிஸ் தாவரவியலாளர் விவரித்த துகள்கள், கேரட்டுக்கு நிறம் தரும் வகைச் சாயம் கொண்டவை, இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்துக்கு உறவுமுறை. பிறகு தெளிந்த நீர். அடியில் தடித்த வண்டலாக லூட்டாயிடுகள்.

இந்த லூட்டாயிடை நான் ரொம்ப ரசிக்கிறேன். ஒற்றைச் சவ்வுப் பை. உள்ளே அமிலம், வெளியே நடுநிலை. செரிமான நொதிகள் இருப்பதால் லைசோசோம் எனலாம், சேமித்து வைப்பதால் நுண்குமிழி எனலாம். புத்தகத்தில் தனித்தனிக் கட்டத்தில் போட்டிருக்கும் இரண்டும் இங்கே ஒரே பையில் இருக்கின்றன. பைக்குள் ஹெவின் என்ற சின்னப் புரதமும் மக்னீசியமும் காத்துக்கிடக்கின்றன. ஹெவின் வந்து சேரும் வழியைப் பார்த்தால் அவள் ஒப்பித்த பட்டியல் ஒரே வரியாக ஓடுகிறது: ரைபோசோமில் கட்டப்பட்டு, எண்டோபிளாச வலைக்குள் நுழைந்து, கோல்கை வழியாக வந்து, லூட்டாயிடில் இறங்குகிறது.

மரத்தை வெட்டியதும் அழுத்தம் சரிகிறது, அக்கம்பக்கத்துத் தண்ணீர் குழாய்க்குள் புகுந்து பாலை நீர்க்கச் செய்கிறது. லூட்டாயிடு உப்பி வெடிக்கிறது. ஹெவினும் மக்னீசியமும் வெளியே கொட்டி ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கின்றன, அறுபட்ட வாய் அடைபடுகிறது. நேற்றுச் சீனித் தண்ணீர் கலந்தது பைகள் வெடிக்கக்கூடாது என்பதற்காக. மரத்தில் பால் பிடிக்கும் மங்கு நிரம்பிச் சொட்டு நின்றதும் அம்மா வாளியோடு பால் எடுக்கப் போவாரே, அந்த நேரத்தை முடிவு செய்தது இந்தப் பைதான்.

ஜூன் 11, புதன்

பள்ளி திறந்துவிட்டது. வேலையில் நாள் முழுக்கச் சிவப்பணு எண்ணிக்கை. சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடும், மைட்டோகாண்ட்ரியாவையும் ரைபோசோமையும் ஒழித்துவிடும், ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டுமே. சுமந்துபோகும் ஆக்சிஜனைத் தானே தின்னாமல் சர்க்கரையை அரைகுறையாக உடைத்துப் பிழைக்கும். ஆனால் பழுதானதைப் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை, 120 நாளில் கதை முடிந்தது. பால்மரத்துச் செல் நேரெதிர்: உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கொடுத்துவிடுகிறது, அதனால் வருடக்கணக்கில் கொடுக்கிறது. இதை அவளுக்குக் குரல்பதிவாக அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா மகள் தொலைபேசியில் அழைத்தாள். தேர்வு முடிந்ததாம். லைசோசோமின் பணியை எழுதச் சொன்ன கேள்விக்கு லூட்டாயிடையும் சேர்த்து எழுதினாளாம். மதிப்பெண் கிடைக்குமா தெரியாது, பாடத்திட்டத்தில் அது இல்லை. எழுதியது சரி என்று சொல்லி வைத்தேன்.

தொலைபேசியை வாங்கி அம்மா பேசினார். தோட்டத்தில் பட்டையில் மருந்து தடவுவார்கள், அன்றைக்கு மத்தியானம் தாண்டியும் சொட்டும், இரண்டாம் முறை போய் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அது எத்திபான். மரத்துக்குள் போய் எத்திலீன் வாயுவை விடும், லூட்டாயிடுகள் சீக்கிரம் வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும், அடைப்பு தள்ளிப்போகும். கூடுதல் பால் அங்கிருந்து வருகிறது.

"அப்படித் தடவித் தடவியே எங்க நிரையில பாதி மரம் வத்திப் போச்சு. வெட்டினா பட்டைதான் வரும், பால் வராது."

அதற்கும் விளக்கம் இருக்கிறது. அளவுக்கு மீறி வாங்கினால் குழாயில் தங்கிய உறுப்புகளுக்குக் கட்டி முடிக்க நேரம் போதாது. சவ்வுகள் கெட்டு, லூட்டாயிடுகள் வெட்டுக்குக் காத்திராமல் குழாய்க்குள்ளேயே வெடிக்க, பால் உள்ளேயே உறைந்துவிடுகிறது. மரம் பச்சையாக நிற்கும், இலையும் விடும். அந்தப் பட்டையில் மட்டும் பால் இருக்காது.

இதைச் சொன்னதும் அம்மா, "அப்ப அது மரத்தோட குத்தமில்ல" என்றார். வற்றிய மரத்துக்காகத் தண்டலிடம் அவர் வாங்கிய திட்டுக்கெல்லாம் இப்போது பதில் சொல்ல ஆசை. அந்தத் தோட்டத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன, தண்டல் எங்கே இருக்கிறாரோ. அக்கா மகள் மட்டும் விடாமல் கேட்டாள்: "பாட்டி, ஓய்வு கொடுத்தா திரும்ப வருமா?"

"சில மரம் வந்துச்சு. சிலது வரல."

படித்ததிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.