விழிஞ்ஞம் திறந்த நாளும் எங்கள் கடப்புறத்துப் பிள்ளைகளும்

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்ட நாள் 1947 பிப்ரவரி 3. தலைமையிடம் கொச்சி. எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது கேரளத்தில் உள்ள அதன் விழிஞ்ஞம் மையம். அந்த நாளையொட்டிப் பொதுமக்களும் மாணவர்களும் உள்ளே வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் நீரோடி முதல் இரையுமன்துறை வரை உள்ள எங்கள் ஊர்களுக்கு நாகர்கோவிலைவிட விழிஞ்ஞம்தான் கிட்டே. அப்படியிருந்தும் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த வாசலை மிதித்ததில்லை. கடலால் சோறு சாப்பிடுகிற பிள்ளைகள் கடலைப் பற்றிய படிப்பு நடக்கிற இடத்தைப் பார்க்காமல் வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டிப்போனேன். எப்படிப் போனோம் என்று கேட்டு நிறைய பேர் பேசுவதால் விவரமாக எழுதுகிறேன்.

முதல் வேலை அந்த மையத்துக்குக் கடிதம். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, கூட வரும் பெரியவர்கள் யார் என்பதையெல்லாம் எழுதிவிட்டு, கீழே ஒரு பத்தி சேர்த்தேன். இவர்கள் மீனவர் வீட்டுப் பிள்ளைகள், அப்பாக்களில் பலர் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குத் தூண்டில் போடப் போகிறவர்கள், சிலர் ஊரிலேயே வள்ளமும், கரையில் நின்று இழுக்கும் கரமடி வலையும் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு மலையாளம் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. போகிறவர்கள் இந்தப் பத்தியைக் கட்டாயம் எழுதுங்கள். வந்து நிற்பது யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் பேசுகிற விதமே மாறிவிடுகிறது. கடிதம் டிசம்பரிலேயே போய்ச் சேர்வது நல்லது. பத்தாம் வகுப்பிலும் அதற்கு மேலும் உள்ளவர்களைச் சேர்க்க முடியாது, பரீட்சை நெருங்கிவிடும். ஆறு முதல் ஒன்பது வரைதான் சரியான வயது.

அடுத்தது அனுமதி. பள்ளி வழியாகப் போகலாம் என்று கேட்டபோது, மாநிலம் தாண்டிக் கூட்டிப்போக மேலிடத்து ஒப்புதல் வேண்டும் என்று ஒரு பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள். பிறகு பங்கு, அதாவது எங்கள் ஊர்ச் சர்ச், நடத்தும் மாலை வகுப்பின் பெயரிலேயே, பெற்றோர் கையெழுத்தோடு ஒரு விடுமுறை நாளில் போக முடிவு செய்தோம். அந்தக் கையெழுத்துதான் பெரிய பாடு. அப்பாக்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். அம்மா கையெழுத்துப் போடத் தயார்தான், ஆனால் “அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்” என்பார். படகு கரைக்குப் பக்கம் வந்து செல்போனில் சிக்னல் பிடிக்கிற நேரத்துக்காகக் காத்திருந்து, குரல் பதிவில் சம்மதம் வாங்கினோம். ஒரு அப்பா, பெண்பிள்ளை எதற்கு என்று தயங்கினார். அவருடைய அம்மாவே போனை வாங்கி, “அவ போகட்டும்” என்று முடித்துவைத்தார்.

பிறகு வண்டி. தமிழ்நாட்டு வேன் எல்லை தாண்டினால் பெர்மிட், வரி என்று செலவு ஏறும். அரசுப் பேருந்திலேயே பொழியூர் வழியாகப் பூவாறு போய், அங்கே மாறி விழிஞ்ஞம் சேர்ந்தோம்.

கூட வந்த பெரியவர்களில் ஒருவர் என் சித்தி. ஊரம்பு, கொல்லங்கோடு சந்தைகளுக்கு மீன் கூடை சுமந்து வயதானவர். “நான் எதுக்கு? மீனப் பாக்காதவளா?” என்றுதான் கேட்டார். வற்புறுத்தி அழைத்துப்போனேன். நான் செய்தவற்றில் சிறந்த காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மீன் காட்சிக்கூடத்தில் கோமாளி மீனையும் கடல்குதிரையையும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். கோமாளி மீன் முதலில் ஆணாக வளர்ந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். கடல்குதிரையில் ஆண்தான் குஞ்சைச் சுமக்கும். கடல்குதிரை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, வலையில் சிக்கினாலும் விடத்தான் வேண்டும்.

அதைவிட என்னை நிற்கவைத்தது ஒரு சின்ன மேசை. மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கற்களை அங்கே வைத்திருந்தார்கள். மரத்தில் இருப்பதுபோல அதிலும் வளையங்கள் உண்டு, எண்ணினால் மீனின் வயது தெரியும் என்று ஒரு விஞ்ஞானி சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டென்று, “கத்தாளை தலையில இருக்குமே, அந்தக் கல்லா? நாங்க அத வெச்சு விளையாடுவோம்” என்றான். விஞ்ஞானி முகம் மலர்ந்துவிட்டது. கத்தாளைக்குத்தான் கல் பெரிதாக இருக்கும், அடுத்த முறை சேர்த்துக் கொண்டுவா என்றார். பள்ளியில் வாய் திறக்காத பையன் அவன். அன்றைக்கு முழுவதும் அவர் பின்னாலேயே நடந்தான்.

அப்புறம் சாளை, மத்தி என்றும் சொல்வார்கள். சுவரில் ஒரு வரைபடம். 2012-ல் கேரளக் கரையில் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் சாளை கிடைத்தது, 2021-ல் வெறும் 3,297 டன். கோடு செங்குத்தாகக் கீழே விழுந்திருந்தது. எல் நினோ, கடலின் சூடு, குஞ்சு மீனை அள்ளுவது என்று காரணங்களைச் சொன்னார்கள். சித்தி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த வருசம் நான் சாளைக் கூடையே தூக்கல மக்ளே. நெத்தோலியும் வாளையும் வெச்சு ஓட்டினேன்” என்றார். அதற்குப் பிறகு கேள்வி கேட்டது விஞ்ஞானிகள், பதில் சொன்னது சித்தி. மழை தொடங்கும்போது வருகிற சாளையின் நெய் எப்படி இருக்கும், சினை எப்போது நிறையும், எந்த வருசம் மெலிந்து வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். கூடை சுமக்கிறவருக்குத் தெரிந்ததும் படிப்புதான் என்பதை நான் பாடமாகச் சொல்லியிருந்தால் அவர்கள் மனதில் இப்படிப் பதிந்திருக்காது.

திரும்பி வந்தபின் செல்போனிலேயே நிறைய கிடைக்கிறது என்று கண்டோம். அந்த நிறுவனத்தின் இ-பிரின்ட்ஸ் தளத்தில் ஆய்வறிக்கைகளும் கையேடுகளும் இலவசம். பெரும்பாலும் ஆங்கிலம், ஆனால் படங்களும் அட்டவணைகளும் நமக்குப் போதும். ஃபிஷ்பேஸ் தளத்தில் ஒரு மீனைத் தேடினால் படம், வளரும் அளவு, வாழும் ஆழம் எல்லாம் வரும்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு வேண்டியது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் எங்கள் துறைகளில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கள்ளக்கடல் அதைவிட வேறுவகை. தெற்கே வெகுதூரத்தில் வீசிய புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். 2024 மே மாதம் எங்கள் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டபோதும் எச்சரிக்கை வெளியாகியிருந்தது, கரையில் நிற்பவர் காதுக்கு அது போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் விஷயம். சிலுவை வைத்த சின்னக் கோயிலான குருசடியின் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினோம். ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் தினமும் மாலையில் அலை உயரத்தையும் எச்சரிக்கையையும் தமிழில் எழுதுகிறார்கள். வள்ளம் இறக்குமுன் ஆட்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.

நவம்பர் 21 உலக மீன்வள நாள். அன்றைக்கு எங்கள் கரையிலேயே ஒரு நிகழ்ச்சி வைத்தோம். பந்தல், மைக் செட் எதுவும் கிடையாது. ஒட்டுப்பலகையில் அளவுகோல் வரைந்து மூன்று இடத்தில் சிவப்புக் கோடு போட்டோம். கேரளத்தில் பிடிக்க அனுமதிக்கும் மிகக் குறைந்த நீளம் சாளைக்கு 10 சென்டிமீட்டர், கிளிமீனுக்கு 12, அயலைக்கு (கானாங்கெளுத்தி) 14. குஞ்சு மீனை அள்ளாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த அளவு அது. இங்கிருந்து வள்ளங்கள் விழிஞ்ஞத்துக்கும் போகின்றன, அங்கே அந்த அளவுதான் கணக்கு. பிள்ளைகள் வந்து இறங்கிய மீனை மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து நோட்டில் எழுதினார்கள்.

கரமடி இழுக்கும் மாமா ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கரமடில பெருசும் குஞ்சும் சேந்துதான் வரும். கரைக்கு வந்தப்புறம் பிரிச்சு விட்டா செத்த மீன்தான கடலுக்குப் போகும்?” கூட்டம் அமைதியாகிவிட்டது. நியாயமான கேள்வி. வலையின் கண்ணி அளவைப் பற்றி நாங்கள் கொஞ்சம் பேசினோம், அவருக்கு அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. பெரிய விசைப்படகுகள் அள்ளுவதையும் கரமடியில் தவறி வருவதையும் ஒரே கோட்டால் அளப்பது சரியா என்று அவர் கேட்டதை ஒரு பிள்ளை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அடுத்த பிப்ரவரிக்கான கடிதத்தை இப்போது தயார் செய்துவிட்டோம். அளந்த மீன்களின் அட்டவணையும் மாமாவின் கேள்வியும் அதோடு போகின்றன. கத்தாளைக் கற்களை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கூட வரும் பெரியவர்கள் என்ற இடத்தில் சித்தி பெயருக்குக் கீழே இந்த முறை மாமா பெயரும் இருக்கிறது, அன்றைக்குக் கடல் வாய்ப்பாக இருந்தாலும் வருவேன் என்று சொல்லியிருக்கிறார்.