இடக்கைப் பக்கத்துச் சிலிண்டர்

மார்ச் 3, 2024
நொன்னோவின்ரை குட்ஸி மோட்டச்சைக்கிள் இண்டைக்கும் ஸ்டார்ட் வரேல்லை. (நொன்னோ எண்டா இத்தாலியனிலை தாத்தா, நான் கிழவரை அப்பிடித்தான் கூப்பிடுறது.)

மார்ச் 4
பற்றரியிலை பிழை இல்லை. ராத்திரி முழுக்க சார்ஜிலை விட்டுப் பாத்தாச்சு, 12.6 காட்டுது, ஸ்டாட்டரும் நல்லாச் சுத்துது, பிளக் ரெண்டையும் கழட்டினா நனைஞ்சுபோய் இருக்கு, அப்ப பெற்றோல் வருது நெருப்புத்தான் இல்லை. டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தன். இதுக்கு ரெண்டு செட் பொயின்ற், பிளக்குக்கு நெருப்பு விடுற தொடுமுனை, சிலிண்டருக்கு ஒண்டு. ரெண்டிலையும் பச்சையா பூத்துக் கிடக்கு. பாவம், ஒண்டரை வருசம் ஒருத்தரும் தொடேல்லை. நைஸ் பேப்பராலை உரஞ்சி, துணியாலை துடைச்சு, இடைவெளியை 0.45 மில்லிமீற்றரிலை வைச்சன். புத்தகத்திலை 0.42 இலயிருந்து 0.48 வரை விடலாம் எண்டு கிடக்கு. பக்கத்திலை பென்சிலாலை நொன்னோ '45' எண்டு எழுதி ரெண்டு கோடு கீறி வைச்சிருக்கிறார்.

மூண்டாந்தரம் பத்திச்சுது! விரல் விறைச்சுப் போயிருந்தது, ஆனா சிரிச்சிட்டன். திராட்டிலைத் திருகினா முழு வண்டியும் வலக்கைப் பக்கம் ஒருக்கா உலுப்பி நிமிருது. குட்ஸியிலை கிராங்க் நீளப்பாட்டுக்குக் கிடக்கிறதாலை வாற குணம் அது. அதைத்தான் நொன்னோ, அவ தோளைக் குலுக்கி 'போ' எண்டுறா எண்டு சொல்லுவார். இத்தாலியன் போ எண்டா எனக்கென்ன தெரியும் எண்டு அர்த்தம், எங்கடை போ இல்லை.

மார்ச் 6
ஆசுப்பத்திரியிலை நொன்னோ சூப் மூண்டு கரண்டி குடிச்சவர். தண்ணிக்கு மா கலந்து தடிப்பாக்கித்தான் குடுக்கினம். வலக்கை அசையேல்லை, கதையும் இல்லை.

கையை மூண்டு தரம் சோப் போட்டுக் கழுவிப்போட்டுத்தான் போனனான், நகத்துக்கை ஒயில் கறுப்புப் போகேல்லை. நேர்ஸ் பாத்தவ. ஒண்டும் சொல்லேல்லை.

மார்ச் 9
ஒயில் மாத்தினன், மாத்தாமல் விட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பன்.

இந்த 850 ரி 3 1975 ஆம் ஆண்டு வண்டி. ஒயில் பில்டர் அடிச் சட்டிக்கு உள்ளுக்கை இருக்கு, அதை மாத்திறதெண்டா சட்டியையே இறக்கவேணும், நிலத்திலை மல்லாக்கப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டா, கஸ்கெற் கிழிஞ்சு அலுமினியத்திலை ஒட்டிப்போய், அதைப் பிளேட்டாலை சுரண்டேக்கை கீறக்கூடாது எண்டு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு, எப்பிடியும் ரெண்டு மணித்தியாலம். 3 லீற்றர் கறுப்பு ஒயில் வடிஞ்சுது. அதைச் சும்மா கொட்டியிருக்கலாம். நான் கோப்பிப் பில்டர் பேப்பரிலை வடிச்சுப் பாத்தன். டோர்ச் அடிச்சா மினுங்குது. மணல் மாதிரி இல்லை, அதைவிட நைசு, சரிகைத் தூள் மாதிரி.

காந்தத்தைக் கிட்டக் கொண்டு போனன், வரேல்லை. இரும்பெண்டா வரும். அலுமினியம் வராது, குரோமும் வராது. அந்தக் காலத்துச் சிலிண்டருகளுக்கு உள்பக்கம் குரோம் பூச்சு, அது வயசு போகப் போக உரியும். உரிஞ்ச துகள் ஒயிலோடை சேந்து பெயறிங்கைத் தின்னும். பிந்தின வண்டிகளுக்கு வேறை பூச்சுப் போட்டவை, அதுகளுக்கு இந்த வருத்தம் இல்லை.

நித்திரை வரேல்லை. பேப்பரை மடிச்சு மேசை லாச்சிக்கை வைச்சிருக்கிறன். ஏன் வைச்சிருக்கிறன் எண்டு தெரியேல்லை.

மார்ச் 10
திருப்பியும் பாத்தன். பகல் வெளிச்சத்திலை குறைவாத்தான் தெரியுது.

மார்ச் 13
எஞ்சின் சத்தத்தைப் போனிலை ரெக்கோட் பண்ணிக்கொண்டு போனன். ஆசுப்பத்திரியிலை உப்பிடிச் செய்யலாமோ தெரியாது, பக்கத்துக் கட்டில் கிழவர் நல்ல நித்திரை, போனை நொன்னோவின்ரை காதுக்குக் கிட்டப் பிடிச்சு மெல்லமாப் போட்டன். முதல்லை கண்ணை முழிச்சவர். பேந்து சொண்டு அசைஞ்சுது. பிறகு இடக்கைச் சுட்டுவிரலைத் தூக்கினார்.

'சினிஸ்த்ரா?' எண்டு கேட்டன். இடதோ?

விரல் அப்பிடியே நிண்டது. திருப்பிப் போட்டன், திருப்பியும் அதே விரல். மனுசன் பதினைஞ்சு வயசிலை உந்தக் குட்ஸிப் பக்ரறிக்குள்ளை போனவர். அங்கத்தை எஞ்சினியர் கார்கானோவின்ரை எட்டுச் சிலிண்டர் ரேஸ் வண்டியை, 500 சிசியிலை எட்டுச் சிலிண்டர், 1955 இலை ஓட வெளிக்கிட்ட அந்த அசுரனை, சின்னப் பெடியனா நிண்டு கேட்ட காது அது. பேந்து வருசக்கணக்கா எஞ்சின் சோதிக்கிற இடத்திலைதான் வேலை. கண்ணை மூடிக்கொண்டு எந்த வால்வ் எண்டு சொல்லுவார்.

பஸ்ஸுக்கு ஓடி வந்து, சாப்பிடாமல் நேரா கராஜுக்குப் போனன்.

மார்ச் 14
ராத்திரி இஞ்சின் சூடு, வால்வ் பாக்கேலாது, குளிரவேணும், அதாலை விடிய அஞ்சு மணிக்கு எழும்பிப் பாத்தன். ஓட்டைக்குப் போட்டிருக்கிற றப்பர் மூடியைக் கழட்டினா பிளைவீலிலை எஸ், டி எண்டு ரெண்டு எழுத்து, எஸ் எண்டா சினிஸ்த்ரா, டி எண்டா தெஸ்த்ரா. எஸ்ஸை நேருக்குக் கொண்டுவந்து இடக்கைப் பக்க மூடியைத் திறந்தன். குட்ஸியிலை இந்த வேலை ஒரு சுகம், சிலிண்டர் ரெண்டும் வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்குது, ராங்கைத் தூக்கத் தேவையில்லை, ஸ்டூலைப் போட்டு இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு செய்யலாம்.

வால்வ் இடைவெளி 0.22. இன்லெற்றும் 0.22, எக்ஸோஸ்ற்றும் 0.22. தகடு வெண்ணெய்க்குள்ளை போற கத்தி மாதிரிப் போகுது, கொஞ்சம் இழுவை, அவ்வளவுதான். இடதிலை பிழையே இல்லை.

வலதைத் திறந்தன். எக்ஸோஸ்ற் 0.10 கூட இல்லை.

கையிலை தகட்டோடை கனநேரம் இருந்தன். அவர் இடது எண்டு சொல்லேல்லை. அவருக்குத் தூக்க ஏலுமான கை அது ஒண்டுதான்.

இல்லாட்டி வால்வைச் சொல்லேல்லை, வேறை என்னத்தையோ சொன்னவர், அது இடதிலைதான் இருக்கு.

மார்ச் 15
போனிலை கொழுவிற கமெரா 19 யூரோ. ஓடர் பண்ணிட்டன்.

மார்ச் 19
சன் ஜுசெப்பே. இஞ்சை இண்டைக்குத்தான் தேப்பன்மாற்றை நாள். நொன்னோவின்ரை மகன் வரேல்லை, போன் எடுத்தவர். அப்பா எப்பிடி எண்டு கேட்டவர், பேந்து வீட்டுத் திறப்பு எத்தினை கிடக்கு எண்டு கேட்டவர், பேந்து மோட்டச்சைக்கிள் ஓடுதோ எண்டு கேட்டவர். ஓம் எண்டு சொல்லியிருக்கக்கூடாது. ஜேர்மனியிலை ஒருத்தர் வாங்க விருப்பமாம், ரெவிசியோனே, அதுதான் வண்டிப் பரிசோதனை, செய்து ஓடுற வண்டியெண்டா நல்ல விலை போகுமாம், ஒருக்கா நீ கொண்டு போய் செய்விச்சுத் தாறியோ.

செய்விக்கிறன் எண்டன். வேறை என்ன சொல்லுறது. மாசம் முடிய வீடும் பூட்டுப்படப் போகுது.

மார்ச் 20
கமெரா வந்திட்டுது. பிளக் ஓட்டையாலை இடதுக்குள்ளை விட்டுப் பாத்தன். மேலையிருந்து கீழை ஒரு கோடு. கீறலோ, லைற் பட்டுத் தெறிக்குதோ? கமெராவைத் திருப்பினாக் கோடும் திரும்புது மாதிரிக் கிடக்கு. திரும்பேல்லை மாதிரியும் கிடக்கு.

நாப்பது போட்டோ எடுத்து வைச்சிருக்கிறன்.

மார்ச் 22
ரெவிசியோனே பாஸ். ஆனா ஒரு கூத்து. முன் சில்லை உருளையிலை ஏத்திப்போட்டு அந்தப் பெடியன் கைப் பிரேக்கைப் பிடிச்சான், நம்பர் காணாதாம். காணாதுதான். இந்த மொடலிலை கைக்கு முன் டிஸ்க்கிலை ஒண்டு மட்டும்தான், வலது. காலை அமத்தினா பின் டிஸ்க்கும் முன்னுக்கு இடதும் சேந்து பிடிக்கும், 1975 இலை குட்ஸி கொண்டந்த யோசினை. காலையும் மிதியுங்கோ எண்டன். அவன் என்னை ஒரு மாதிரிப் பாத்தான், ஒரு கறுப்பன் வந்து தனக்கு குட்ஸி படிப்பிக்கிறான் எண்டு நினைச்சானோ என்னவோ. பின்னுக்கு நிண்ட வயசாளி மட்டும் 'அவர் சொல்லுறது சரி, மிதி' எண்டார். மிதிச்சான். ஏறிச்சுது.

மார்ச் 24
குருத்தோலை ஞாயிறு. இஞ்சை தென்னை எங்கை, எல்லாற்றை கையிலையும் ஒலிவ் கொப்பு. கோயில் முடிஞ்சு சனம் வெளியிலை வரேக்கை நான் கராஜ் கதவைத் திறந்தன்.

மந்தெல்லோவிலயிருந்து கோமோக் குளத்தோரத்தாலை லியெர்னா, பியூமெலாத்தே, வரென்னா. அங்காலை மலையிலை ஏறி எசினோ லாரியோ. இரண்டாம் கியரிலை வளைவுக்கு வளைவு, கிரிஞ்ஞா மலையிலை இன்னும் வெள்ளை, காலாலை பிரேக்கைத் தொட்டா முன்சில்லும் சேந்து குனியிறது முதல் பயமா இருந்தது பேந்து பழகிட்டுது, 3000 தாண்டினா உதறல் நிண்டு எஞ்சின் ஒரே சுருதியிலை பாடத் தொடங்குது, அந்த நேரம் ஒயிலும் இல்லை பேப்பரும் இல்லை மகனும் இல்லை. மேலை நிப்பாட்டிக் கையை இடது சிலிண்டருக்குக் கிட்டப் பிடிச்சன். பேந்து வலது. ரெண்டும் ஒரே சூடு.

திரும்பேக்கை பிரேவா தொடங்கிட்டுது. இந்தக் குளத்திலை விடியக் காத்து வடக்காலை, மத்தியானத்துக்குப் பிறகு தெற்காலை, தெற்காலை வாறதுக்குப் பேர் பிரேவா. நெஞ்சிலை நேர அடிச்சுது. வீடு மட்டும் அடிச்சுது.

மார்ச் 25
நேத்து ஓடினதைச் சொன்னன். இடம் இடமாச் சொன்னன். எசினோ எண்டேக்கை விரல் தூக்கினார். இடக்கைதான்.

மார்ச் 31
ஈஸ்டர். கொலோம்பா கேக்கிலை ஒரு துண்டை பாலிலை ஊறப்போட்டுக் குடுக்க விட்டினம். நல்லா விழுங்கினார்.

ஏப்ரல் 2
ராத்திரி கனவிலை ஐயாவின்ரை ஹொண்டா. பொருளாதாரத் தடை காலம், யாழ்ப்பாணத்திலை பெற்றோல் எண்டது மருந்து மாதிரி, சின்னப் போத்திலுக்கை வைச்சு நாலு சொட்டு காபரேட்டருக்கு விட்டு உதைச்சு, பத்தின உடன மண்ணெண்ணைக்கு மாத்திறது. பின்னாலை வாறவனுக்குக் கண்ணெரியும். அந்த எஞ்சினுக்குள்ளை என்ன உரிஞ்சுதோ, ஒருத்தரும் பேப்பரிலை வடிச்சுப் பாக்கேல்லை. ஓடிச்சுது. இடம்பெயரேக்கை விட்டிட்டு வந்தது, சாய்ச்சு வைச்ச சுவரையும் நான் பிறகு காணேல்லை.

எழும்பி லாச்சியைத் திறந்து பேப்பரைப் பாத்தன். ஒயில் ஊறிக் காஞ்சு போச்சு. மினுக்கம் கிடக்கு.

ஏப்ரல் 5
80 கிலோமீற்றர்தான் ஓடினது, புது ஒயிலைத் திருப்பி வடிக்கிறது விசர் வேலை. வடிச்சன். அரைக் கோப்பை.

துப்பரவு. ஒண்டும் இல்லை. அரைக் கோப்பையிலை என்ன தெரியும்.

ஏப்ரல் 7
வாங்கிறவருக்கு அந்தப் பேப்பரைக் காட்டவேணுமோ? மகனுக்குச் சொல்லவேணுமோ? நொன்னோவுக்கு முதலே தெரியுமோ? பென்சில் குறிப்பிலை குரோமைப் பற்றி ஒரு இடத்திலையும் இல்லை, எல்லாப் பக்கமும் தட்டிப் பாத்திட்டன். கடைசிப் பக்கத்திலை மட்டும் '61.200, ஸின்' எண்டு கிடக்கு. ஸின் எண்டா சினிஸ்த்ரா தானே. ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கு.

மீற்றர் இப்ப 61,340.

ஏப்ரல் 8
மகன் போன் எடுத்தவர். நாளைக்கு விடிய எட்டு மணிக்கு வானோடை வருவினமாம். நான் இன்னும் நொன்னோவுக்குச் சொல்லேல்லை. பின்னேரம் புத்தகத்தைக் கொண்டு போய் அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டப்போறன், பஸ் நாலரைக்கு