மாங்கனி ஓடைக் கல்

2024 பிப்ரவரி 9, தை அமாவாசை

விடிந்தும் விடியாமல் சதுரகிரி மலை அடிவாரத்தில், தாணிப்பாறை வனத்துறை கேட்டில் போய் நின்றோம், பெரியம்மாவும் நானும். சதுரகிரி எங்கள் வத்திராயிருப்பு மொட்டைமாடியிலிருந்தே தெரியும். ஆனாலும் அப்போது நினைத்த நாளில் ஏற முடியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சில நாட்கள்தான் விட்டார்கள். பையைச் சோதித்து பிளாஸ்டிக், தீப்பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டார்கள்.

மாங்கனி ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். நடுவில் அம்மி மாதிரி தட்டையாக ஒரு கல். அதில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். பெரியம்மாவுக்கு 64 வயது, செருப்பு போடாமல்தான் ஏறுவார். நான் வேகமாக நடந்தால், "பைய ஏறுய்யா, மலை எங்கயும் ஓடிப் போகாது" என்பார்.

கோரக்கர் குகை தாண்டியதும் ஏற்றம் செங்குத்தாகிவிட்டது. நாலு மணி நேரம் ஆயிற்று. மேலே கோயிலில் சிவன், சுந்தர மகாலிங்கம், சற்றே சாய்ந்து இருப்பார். பெரியம்மாவும் தலையைச் சாய்த்துக்கொண்டு கும்பிட்டார்.

2024 ஏப்ரல் 23, சித்ரா பௌர்ணமி

அனல். ஓடையில் பொட்டுத் தண்ணீர் இல்லை, எங்கள் கல் தொட்டால் சுட்டது. சருகு மிதிபடும் சத்தம்தான் வழியெல்லாம். நாவல் ஊற்றில் கசிவதைப் பிடித்துக் குடிக்க வரிசையில் நின்றோம்.

இறங்கும்போது அடிவாரப் புளியமரத்திலிருந்து ஓடு ஓடாக விழுந்துகொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தால் சாம்பல் நிற அணில். பூனை அளவு இருக்கும். பின்னங்காலால் கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியபடி, புளியம்பழத்தை இரண்டு கையிலும் வைத்து உரித்துத் தின்றது. உடம்பைவிட வால் நீளம், நுனியெல்லாம் நரை. எங்களைப் பார்த்ததும் இரண்டு தடவை கத்திவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது. தரைக்கு அதிகம் வராமல் மரத்துக்கு மரம் போகிற பிராணி அது. கிளைகள் நெருக்கமாக இல்லாவிட்டால் அதற்குச் சிரமம்தான். 1988இல் இந்தக் காட்டைச் சரணாலயம் ஆக்கியதே இந்த அணிலுக்காகத்தான். 2021இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. பெரியம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருஷம் ஏறியும் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லையாம்.

2024 ஆகஸ்ட் 4, ஆடி அமாவாசை

பெரியம்மாவுக்கு முட்டி வீக்கம். தனியாகத்தான் ஏறினேன். ஆனால் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் தனியாக எங்கே இருப்பது! இரட்டை லிங்கம் வரை முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மேலே காற்றும் சாரலும். விபூதியைப் பெரியம்மாவுக்கென்று தனியாக மடித்து வந்தேன்.

2024 டிசம்பர் 13

இரண்டு நாளாக விடாத மழை. மொட்டைமாடியில் நின்றால் மலை இருக்கிற இடமே தெரியவில்லை. ஐப்பசி, கார்த்திகைதான் எங்கள் பக்கத்து மழை. கீழே வெயில் அடிக்கும், மேலே ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், ஓடை இரு கரையும் அடைத்துக்கொண்டு வரும். 2015 மே மாதம் அமாவாசைக்குப் போனவர்கள் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள், உயிர்களும் போயின. மழை நாளில் கேட்டை மூடினால் சிலர் சண்டை போடுகிறார்கள். மூடுவதுதான் சரி.

2025 ஜனவரி 29, தை அமாவாசை

பெரியம்மா ஓடை வரைக்கும் வருகிறேன் என்றார், வந்தார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான், தெளிவாக ஓடியது. கல்லைக் காணோம். அது கிடந்த இடத்தில் புது மணல். கொஞ்சம் கீழே தள்ளித் தேடிப் பார்த்தேன், அடையாளம் தெரியவில்லை.

பெரியம்மா கரையிலேயே ஒரு வேரில் உட்கார்ந்து இட்லியைப் பிரித்தார். "நீ போயிட்டு வாய்யா, நான் இங்கனயே இருக்கேன்" என்றார். திரும்பி வரும்போது மணி மூன்று. அதே வேரில்தான் இருந்தார், காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு.