கேப்புக்குக் கீழே இருக்கும் பல்

கடலை மிட்டாயைக் கடித்தபோது அது கழன்று வந்தது. பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பும் பஸ்ஸில், கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வாய்க்குள் கல் போல ஏதோ உருண்டது. கையில் துப்பிப் பார்த்தால், எட்டு ஆண்டுகளுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேல் மூடி போல மாட்டிய கேப். வலி சிறிதும் இல்லை. அந்தப் பல்லுக்கு அப்போதே வேர் சிகிச்சை செய்து நரம்பை எடுத்துவிட்டார்கள். வலிக்காத பல் என்பதால் எட்டு ஆண்டுகளும் அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நான் செய்த தவறு அதுதான்.

தையல் கடைக்கு வந்த ஓர் அக்கா, பசை வைத்து நீயே ஒட்டிக்கொள் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். கடையில் விற்கும் பசை வாய்க்குள் வைப்பதற்கானது அல்ல. கேப்பும் கோணலாக உட்கார்ந்துவிடும். நான் அதைக் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மறுநாளே பாலக்காட்டுக்குப் போனேன்.

டாக்டர் என்னைவிட இளையவர், மலையாளி. எங்கள் பக்கத்து நோயாளிகளோடு பழகிய தமிழ் அவருடையது. கண்ணாடியைப் பிடித்து எனக்கே காட்டினார். கேப்பின் விளிம்பு உட்கார்ந்திருந்த இடத்தில், நாக்குப் பக்கம், பல் கறுத்துக் குழைந்திருந்தது. "சேச்சி, கேப்புக்கு ஒருநாளும் கேடு வராது. அதன் கீழே இருக்கும் பல்லுக்குத்தான் வரும்" என்றார். நாம் சொத்தை என்பதை மலையாளத்தில் கேடு என்பார்கள். அன்று எனக்கு நம் சொல்லைவிட அவர் சொல்தான் பொருத்தமாகப் பட்டது.

எக்ஸ்ரேயில் வேர் நன்றாக இருந்தது. அடுத்து அவர் பார்த்தது, ஈறுக்கு மேலே எவ்வளவு நல்ல பல் மிஞ்சியிருக்கிறது என்பதை. சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது உறுதியான பல் நின்றால்தான் கேப் அதைப் பற்றிக்கொண்டு நிற்குமாம். சொத்தையைச் சுரண்டிய பிறகும் எனக்கு அது மட்டுமட்டாகத் தேறியது. இன்னும் ஓராண்டு கழித்துக் கழன்றிருந்தால் பல்லையே பிடுங்கியிருப்பார்கள்.

பிறகு எந்தப் பொருளில் கேப் போடுவது என்ற பேச்சு. முழு உலோகக் கேப் மெல்லியது, உடையாது, பல்லை அதிகம் சீவ வேண்டியதில்லை, விலையும் குறைவு. நிறம் ஒன்றுதான் குறை. என் பழைய கேப் உள்ளே உலோகமும் வெளியே பீங்கானும் கொண்டது. மேலே உள்ள பீங்கான் சில்லாகப் பெயரலாம். ஈறு சற்று இறங்கினால் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு தெரியும். எனக்கு இரண்டும் நேர்ந்திருந்தன. கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் செராமிக் வகை முன்பற்களுக்கு அழகு, ஆனால் அரைக்கும் பல்லுக்கு அவர் பரிந்துரைத்தது சிர்கோனியா என்ற, உள்ளே உலோகம் இல்லாத உறுதியான வெள்ளை செராமிக்.

விலையைக் கேட்டு நான் தயங்கியபோது அவர் ஒரு கேள்வி கேட்டார்: "கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகுமா?" ஆகும், சின்ன வயதிலிருந்தே. அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை என்றார். பல் கேப்புகளுக்குள் இருக்கும் உலோகத்திலும் பெரும்பாலும் நிக்கல் கலந்திருக்கும். எட்டு ஆண்டுகளுக்கு முன் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. உங்களுக்கும் கவரிங் ஒத்துக்கொள்ளாது என்றால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சிர்கோனியாவுக்குச் சம்மதித்தேன்.

பல்லை நிரப்பி, சீவி, ஈறை ஒதுக்க மெல்லிய நூலைச் சுற்றிலும் செருகி, சிறு கேமராவால் அளவெடுத்தார்கள். தற்காலிகக் கேப்புடன் எட்டு நாள் வலப்பக்கமே மென்றேன். சிர்கோனியாவைக் கட்டியிலிருந்து கடைந்து, ஏறக்குறைய 1500 டிகிரியில் சுடுவார்களாம். பச்சைப் பானை சூளையில் சுருங்குவது போல அதுவும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், அதைக் கணக்கிட்டு முதலில் பெரிதாகவே கடைகிறார்கள்.

கேப் பொருத்திய நாளில் மரத்துப்போகும் ஊசி வேண்டாம் என்றேன். நரம்பில்லாத பல் என்பதால் முடிந்தது. வாய் மரத்திருந்தால் கடி சரியாக இருக்கிறதா என்று நமக்கே தெரியாது. நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, கறை பட்ட மேட்டைத் தேய்த்தார். தேய்த்த இடத்தை வழவழப்பாக மெருகேற்றவும் செய்தார். சிர்கோனியா சொரசொரப்பாக இருந்தால் எதிரே உள்ள மேல் பல்லை அரைத்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் அந்தப் பக்கம் முதலில் இடிப்பது போலவே இருந்தது. பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளாமல் திரும்பப் போனேன். ஐந்து நிமிடத்தில் சரியாயிற்று.

கேப்பைச் செய்த லேப் தந்த உத்தரவாத அட்டையை வீட்டுக்காரர் பத்திரமாக எடுத்து வைத்தார். அட்டை கேப்புக்கு மட்டுமே. அடியில் இருக்கும் பல்லுக்கு நான்தான் பொறுப்பு.

எங்கள் வீட்டில் உமிக்கரியால் பல் துலக்குவது வழக்கம். நான் அதை விட்டுவிட்டேன். அந்தக் கரகரப்பு ஈறோரத்துப் பல்லைத் தேய்க்கும், சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடும் அதில் இல்லை. இப்போது மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட். பிரஷைச் சாய்த்து, ஈறும் கேப்பும் சேரும் ஓரத்தில் வைத்து மெதுவாகத் துலக்குகிறேன். இரவில், பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலைக் கேப்பின் இருபுறமும் அணைத்து மேலும் கீழும் இழுக்கிறேன். முதல் வாரம் லேசாக ரத்தம் கசிந்தது, பிறகு நின்றுவிட்டது. நூல்தானே என்று தையல் நூலைப் பயன்படுத்தாதீர்கள், ஈறை அறுத்துவிடும். பொங்கலுக்குக் கரும்பை நறுக்கி மறுபக்கம் மென்றேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுகிறேன்.

பழைய கேப்பை இன்னும் அந்த டப்பாவில் வைத்திருக்கிறேன், உள்விளிம்பில் கறுப்பு வளையத்தோடு. அதை மாமியாரிடம் காட்டினேன். அவருக்கும் மேல் கடைவாயில் ஒரு கேப் இருக்கிறது, போட்டு ஆறு ஆண்டு ஆகிறது, கொட்டைப் பாக்கும் மெல்கிறார். "எனக்குத்தான் வலிக்கவில்லையே" என்றார். வரும் சனிக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு பாலக்காட்டுக்குப் போகிறேன்.